வன்குற்றம் எங்கே வேர்விடுகிறது? லாருட் முதல் மெடெயின் வரை ஒரு வரலாற்றுப் பார்வை

ஓர் ஊரில் வெட்டுக்குத்தும் கொலையும் பெருகிவிட்டால் மக்கள் வாயில் உடனே வரும் பேச்சு இரண்டு. "அந்தக் கூட்டமே அப்படித்தான், அவர்கள் இரத்தத்தில் ஊறியது" என்பது ஒன்று. "எல்லாம் ஏழ்மை செய்யும் வேலை" என்பது மற்றொன்று. இரண்டுமே சொல்வதற்குச் சுலபமானவை. ஆனால் பல நாடுகளின் வரலாற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போது இரண்டுமே முழு விளக்கமாக நிற்பதில்லை.

ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 4 லட்சத்து 58 ஆயிரம் பேர் கொலை செய்யப்பட்டனர். அதே ஆண்டில் போரிலும் பயங்கரவாதத்திலும் மாண்டவர்களின் மொத்த எண்ணிக்கையை விட இது அதிகம். இந்தக் கொலைகள் உலகம் முழுவதும் ஒரே சீராக நடக்கவில்லை. அமெரிக்கக் கண்டத்து நாடுகளில் லட்சம் பேருக்கு 15 பேர் என்ற கணக்கில் உயிர்கள் போயின. ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் லட்சத்தில் ஒருவர்கூட இல்லை.

ஏழ்மைதான் காரணம் என்றால் வங்காளதேசத்தில்தான் கொலை மலிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்டைப் போல் இரு மடங்கு தனிநபர் வருமானம் உள்ள ஜமைக்காவில்தான் கொலை விகிதம் பல மடங்கு அதிகம். அமெரிக்கா மலேசியாவை விடப் பல மடங்கு செல்வம் படைத்த நாடு. கொலை விகிதத்திலும் அதுவே பல மடங்கு முன்னால் நிற்கிறது.

இரத்தம்தான் காரணம் என்றால் இங்கிலாந்தின் கதையை என்னவென்று சொல்வது? பழைய நீதிமன்றப் பதிவுகளையும் மரண விசாரணை ஏடுகளையும் ஆராய்ந்த குற்றவியல் அறிஞர்கள், 13, 14ஆம் நூற்றாண்டுகளில் அந்நாட்டின் கொலை விகிதம் லட்சத்துக்கு 20 அளவில் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது ஒன்று அளவுக்கு இறங்கிவிட்டது. அதே மண், அதே மக்களின் வழித்தோன்றல்கள். இடையில் மாறியது வேறு. பிரபுக்களின் சொந்தப் படைகள் ஒழிந்தன. வழக்கைத் தீர்க்க மன்றம் வந்தது. வாளை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போகும் பழக்கம் மறைந்தது.

அப்படியானால் ஓரிடத்தில் வன்முறை பெருகவும், இன்னோரிடத்தில் தணியவும் எது காரணம்? பதிலைத் தேடத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பேராக் மாநிலத்தின் தைப்பிங்கிலிருந்தே தொடங்கலாம்.

ஈயமும் இரகசியச் சங்கமும்

இன்று ஏரிப் பூங்காவுக்கும் ஓயாத மழைக்கும் பெயர் பெற்ற தைப்பிங், 150 ஆண்டுகளுக்கு முன்பு மலாயாவிலேயே அபாயகரமான இடமாக இருந்தது. அன்று அந்த வட்டாரத்தின் பெயர் லாருட். 1840களில் லோங் ஜாபார் என்ற மலாய்த் தலைவர் அங்கே ஈயத்தைக் கண்டெடுத்தார். பினாங்கு முதலாளிகள் முன்பணம் போட, தென்சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வந்து இறங்கினர்.

வந்தவர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் மணமாகாத ஆண்கள், அல்லது மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர்கள். கப்பல் கட்டணமே கடன். அந்தக் கடன் தீரும்வரை உடல் அவர்களுக்குச் சொந்தமில்லை. சம்பளத்தின் ஒரு பகுதி அபினிலும் சூதிலும் கரைந்தது. அந்த அபினையும் சூதையும் நடத்தியவர்களும் பெரும்பாலும் அதே முதலாளிகளின் ஆட்களே. போலீஸ் நிலையம் கிடையாது, நீதிமன்றம் கிடையாது. நோய் வந்தால் பார்க்கவும், இறந்தால் அடக்கம் செய்யவும், அடித்தால் திருப்பி அடிக்கவும் இருந்தது ஒன்றே ஒன்று, இரகசியச் சங்கம். அதில் சேராதவன் அநாதை.

லாருட்டில் இரண்டு சங்கங்கள் ஓங்கியிருந்தன. ஒன்று ஹை சான், மற்றொன்று கீ ஹின். 1861இல் சுரங்கத்துக்குப் பாயும் தண்ணீரைப் பற்றி எழுந்த தகராறு முதல் போராக வெடித்தது. 1865இல் ஒரு சூதாட்டச் சண்டை இரண்டாவது போருக்குத் திரியானது. அதன்பின் 1870களின் தொடக்கத்தில் மேலும் இரு முறை லாருட் பற்றி எரிந்தது. முதல் போரில் மோதிக்கொண்ட இரு தரப்பாரும் ஹக்கா சீனர்களே. மொழி ஒன்று, பிறந்த மாகாணம் ஒன்று. பிறந்த வட்டாரமும் சேர்ந்த சங்கமும்தான் வேறு.

இதே கதைதான் 1867 ஆகஸ்டு மாதம் பினாங்கிலும் நடந்தது. பத்து நாள் நீடித்த அந்தக் கலவரத்தில் கீ ஹின் சங்கத்தோடு வெள்ளைக் கொடிக் கூட்டமும், எதிர்த்தரப்புத் தோவா பெக் கோங் சங்கத்தோடு சிவப்புக் கொடிக் கூட்டமும் கைகோத்து நின்றன. அந்தக் கொடிக் கூட்டங்களில் இருந்தவர்கள் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும். ஆக, அந்தச் சண்டையில் எந்த இனமும் ஒரே பக்கம் நிற்கவில்லை. பாதுகாப்பு எங்கே கிடைத்ததோ அங்கே போய் ஒதுங்கினார்கள்.

அரசியல் இதில் எங்கே வருகிறது? லோங் ஜாபாரின் மகன் ஙா இப்ராகிம், ஈய வரியால் பெரும் செல்வந்தரானார். முதல் போரில் ஹை சான் பக்கம் சாய்ந்தார். விரட்டப்பட்ட கீ ஹின் தரப்பினர் பிரிட்டிஷ் ஆட்சியிடம் முறையிட, 17,447 வெள்ளி இழப்பீடு கேட்கப்பட்டது. அதைச் சுல்தானுக்காகக் கட்டியவர் ஙா இப்ராகிம்தான். அதற்குப் பதிலாக அவருக்கு மந்திரிப் பட்டமும் லாருட்டின் மீது பெரும் அதிகாரமும் கிடைத்தன. 1871இல் பேராக் சுல்தான் மறைந்ததும் அரியணைக்குப் போட்டி எழுந்தது. ராஜா அப்துல்லா கீ ஹின் ஆதரவைத் தேடினார். மந்திரி காற்றுக்கேற்றபடி பக்கம் மாறினார். ஆயுதங்கள் பினாங்கிலிருந்து வந்தன. சுரங்கக் கூலிகளின் சண்டை, பெரிய மனிதர்களின் அதிகாரப் போட்டிக்குக் காலாட்படை ஆயிற்று.

1874 ஜனவரி 20ஆம் தேதி பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரிட்டிஷார் வந்தது ஈயத்தின் மீதும் ஆட்சியின் மீதும் கண் வைத்துத்தான், அதில் ஐயமில்லை. மறு ஆண்டே முதல் ரெசிடெண்ட் பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். ஆனாலும் லாருட்டில் சண்டை நின்ற விதம் கவனிக்கத்தக்கது. சீனத் தலைவர்கள் 50,000 வெள்ளி பிணை எழுதிக் கொடுத்து ஆயுதத்தைக் கீழே போட்டனர். சுரங்க நிலம் பிரிக்கப்பட்டது. ஹை சான் தரப்புக்குக் கிளியான் பாவு, கீ ஹின் தரப்புக்குக் கமுந்திங் பக்கம். தண்ணீர்த் தகராறைத் தீர்க்க ஓர் ஆணையம் அமைந்தது. இரு சங்கத் தலைவர்களான சுங் கெங் குவீயும் சின் ஆ யாமும் அதில் அங்கம் வகித்தனர். 1877இல் அமைந்த பேராக் ஆட்சிமன்றத்திலும் இருவருக்கும் இடம் கிடைத்தது. கிளியான் பாவு, தைப்பிங் எனப் பெயர் மாறியது. சீன மொழியில் அதற்கு நிலைத்த அமைதி என்று பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட மக்கள் அதே ஊரில் கடை வைத்தார்கள், பள்ளி கட்டினார்கள். அவர்களின் இரத்தம் மாறவில்லை. தகராறைத் தீர்க்க வேறு வழி கிடைத்தது, அவ்வளவுதான்.

நாடு கடத்தப்பட்ட வன்முறை

லாருட்டில் கண்ட அதே கூறுகளை நூறு ஆண்டுகள் கழித்து, கடல் கடந்து, எல் சால்வடோர் என்ற மத்திய அமெரிக்க நாட்டில் காணலாம்.

அது காப்பித் தோட்ட நாடு. நிலமும் ஆட்சியும் சில குடும்பங்களின் பிடியில் இருந்தன. 1932இல் காப்பி விலை சரிந்து விவசாயிகள் கிளர்ந்தபோது, இராணுவம் பத்தாயிரத்துக்கும் அதிகமானோரைக் கொன்று குவித்தது. 1980இல் தேவாலயத்தில் பூசை செய்துகொண்டிருந்த பேராயர் ஆஸ்கார் ரொமேரோ சுட்டுக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து மூண்ட உள்நாட்டுப் போர் 1992 வரை நீடித்து ஏறத்தாழ 75,000 உயிர்களைக் குடித்தது. லட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்கு ஓடினர். அவர்களில் மிகப் பலர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஏழ்மைப் பகுதிகளில் ஒதுங்கினர்.

அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு மொழி புதிது, ஊர் புதிது. பெற்றோர் இரண்டு வேலை, மூன்று வேலை. தெருவில் ஏற்கெனவே வேறு கும்பல்களின் ஆதிக்கம். தங்களைக் காத்துக்கொள்ளக் கூடிய கூட்டமே மாரா சால்வத்ருச்சா என்ற கும்பலாக வளர்ந்தது. சிலர் 18ஆம் தெருக் கும்பல் என்ற பழைய கூட்டத்தில் சேர்ந்தனர். சிறை அவர்களை மேலும் முரடர்களாக்கியது.

போர் முடிந்தபின் அமெரிக்கா இவர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. 1996இல் வந்த குடிநுழைவுச் சட்டம் அதை மேலும் விரைவுபடுத்தியது. போர் ஓய்ந்தும் துப்பாக்கிகள் ஓயாத நாடு, 1992க்குப் பிறகு புதிதாக உருவாக்கப்பட்ட போலீஸ் படை, வேலையில்லாத இளைஞர் கூட்டம். இவற்றின் நடுவே லாஸ் ஏஞ்சல்ஸ் கும்பல்கள் வந்து இறங்கின. பஸ் ஓட்டுநர் முதல் மரவள்ளிக்கிழங்கு விற்கும் பெண்மணி வரை அவர்களுக்குக் கப்பம் கட்ட வேண்டியதாயிற்று.

2003இல் அரசாங்கம் இரும்புக்கரத் திட்டத்தை அறிவித்தது. பச்சை குத்திய இளைஞர்கள் அள்ளிப் போகப்பட்டனர். சிறையில் சண்டை வராமலிருக்க ஒவ்வொரு கும்பலுக்கும் தனித்தனிச் சிறை ஒதுக்கப்பட்டது. விளைவு, சிறையே கும்பலின் தலைமையகம் ஆயிற்று. 2012இல் கும்பல்களுக்கிடையே ஒரு போர்நிறுத்தம் ஏற்பட்டது. நாளொன்றுக்கு 14 ஆக இருந்த கொலைகள் 5 அளவுக்கு இறங்கின. தலைவர்களுக்குச் சலுகை கிடைத்தது, தெருவில் இருந்த இளைஞனுக்கு வேலை கிடைக்கவில்லை. 2014க்குள் அது கலைந்தது. 2015இல் கொலை விகிதம் லட்சத்துக்கு 100ஐத் தாண்டி, போரில் ஈடுபடாத நாடுகளில் உலகிலேயே மோசமான நிலையை எட்டியது.

2022 மார்ச் மாதத்தில் மூன்றே நாளில் 87 பேர் கொல்லப்பட்டதும் அதிபர் நயீப் புக்கேலே அவசர நிலையைக் கொண்டுவந்தார். அதுமுதல் 80,000க்கும் மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டனர். அரசாங்கக் கணக்கின்படி 2024இல் கொலை விகிதம் லட்சத்துக்கு 2க்கும் கீழே இறங்கிவிட்டது. கடைக்காரர்கள் கப்பம் கட்டாமல் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்பது உண்மை. குற்றமற்றவர்களும் உள்ளே கிடக்கிறார்கள், காவலில் பலர் மாண்டிருக்கிறார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்வதையும் ஒதுக்கிவிட முடியாது. கப்பம் கேட்டவன் போய்விட்டான் என்று ஒரு தாய் மகிழ்கிறாள். விசாரணையின்றி மகனைப் பறிகொடுத்து இன்னொரு தாய் சிறை வாசலில் நிற்கிறாள். இருவருமே அந்த நாட்டின் குடிமக்கள்.

வாக்குக்காக வளர்க்கப்பட்ட துப்பாக்கி

ஜமைக்காவின் பாடம் இன்னும் கசப்பானது. தலைநகர் கிங்ஸ்டனில் 1960களில் ஒரு சேரியை இடித்துவிட்டு டிவோலி கார்டன்ஸ் என்ற குடியிருப்பைக் கட்டினார்கள். வீடுகள் ஆளுங்கட்சி ஆதரவாளர்களுக்குப் போயின. எதிர்க்கட்சியும் ஆட்சிக்கு வந்தபோது அதையே செய்தது. கட்சிக்கொரு கோட்டை, கோட்டைக்கொரு தாதா, தாதாவின் கையில் துப்பாக்கி என்று ஆயிற்று. தேர்தல் நடந்த 1980ஆம் ஆண்டில் மட்டும் 800க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. பின்னர் போதைப்பொருள் பணம் வந்ததும் தாதாக்களுக்கு அரசியல்வாதிகளின் தயவு தேவைப்படவில்லை. 2010 மே மாதத்தில் ஒரே ஒரு தாதாவைப் பிடிக்கப் பாதுகாப்புப் படை டிவோலி கார்டன்ஸுக்குள் நுழைந்தபோது 70 பேர் வரை மாண்டனர். அரசியல் வளர்த்த கடா அரசின் மார்பிலேயே பாய்ந்தது.

மலைச்சரிவில் ஏறிய கேபிள் கார்

கொலம்பியாவின் மெடெயின் நகரம் ஒரு காலத்தில் நெசவாலைகளின் நகரம். 1948இல் அரசியல் தலைவர் கைத்தான் கொலையுண்ட பிறகு நாடெங்கும் மூண்ட வன்முறையில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் மாண்டனர். கிராமங்களை விட்டு ஓடிவந்தவர்கள் நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் குடிசை போட்டனர். சாலை இல்லை, பள்ளி போதவில்லை, போலீஸ் எட்டிப் பார்க்கவில்லை. நெசவுத் தொழிலும் நலிந்தது. அந்த வெற்றிடத்தில்தான் பாப்லோ எஸ்கோபார் நுழைந்தார். ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார், பந்து விளையாடத் திடல் அமைத்தார், 1982இல் நாடாளுமன்றத்துக்கே மாற்று உறுப்பினராகப் போனார். அதே கையால் மலைச்சரிவுச் சிறுவர்களைக் கூலிக்கொலைக்கு அனுப்பினார். 1991இல் அந்த ஒரே நகரில் 6,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். விகிதம் லட்சத்துக்கு 380.

எஸ்கோபார் 1993 டிசம்பர் 2ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைகள் உடனே நின்றுவிடவில்லை. 2004இல் மலைச்சரிவுக் குடியிருப்புகளை மெட்ரோ இரயிலோடு இணைக்கும் கேபிள் கார் ஓடத் தொடங்கியது. ஊரிலேயே மோசமான பகுதிகளில் ஊரிலேயே அழகான நூலகங்களும் பள்ளிகளும் எழுந்தன. அப்போதைய மேயர் செர்கியோ ஃபஹார்தோ ஒரு கணிதப் பேராசிரியர். கேபிள் கார் வந்த குடியிருப்புகளில், வராத அதே போன்ற குடியிருப்புகளை விடக் கொலைகள் அதிகமாகக் குறைந்தன என்று 2012இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

ஆனால் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த அமைதியில் ஒரு பங்கு, நகரின் கும்பல்கள் அனைத்தையும் ஒரே தாதா தன் பிடியில் வைத்திருந்ததால் வந்தது. 2008இல் அவர் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார். வாரிசுச் சண்டை மூண்டு, அடுத்த ஆண்டே கொலைகள் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தன. பின்னர்தான் மெல்ல மெல்ல இறங்கின. தாதா கொடுக்கும் அமைதி அவரோடு போய்விடும். பள்ளியும் சாலையும் போலீஸும் நீதிமன்றமும் தரும் அமைதிக்குக் காலம் பிடிக்கும்.

தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு

இந்த நான்கு ஊர்க் கதைகளையும் வைத்துக்கொண்டு மலேசிய இந்தியர்களின் அண்மைக்கால வரலாற்றைப் பார்த்தால் சில விஷயங்கள் துலங்குகின்றன.

1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதே ஆபத்து தொடங்கிவிட்டது. அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினர். 1980க்கும் 2000க்கும் இடையே தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறியபோது வெளியேறியவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. புத்ராஜெயாவே பழைய பெராங் பெசார் ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் எழுந்த நகர்தான்.

தோட்ட வாழ்க்கை சொர்க்கம் அல்ல. ஆனால் லயத்தில் யார் பிள்ளை எங்கே சுற்றுகிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. புறம்போக்கு நிலத்துக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் வந்தபோது அந்தக் கட்டுக்கோப்பு அறுந்தது. பால்மரம் சீவத் தெரிந்த கைக்கு நகரத்தில் வேலை இல்லை. பள்ளியில் பின்தங்கிய பையனை யாரும் தேடவில்லை. தேடி வந்தவன் கும்பல் அண்ணன். கையில் பணம், ஓட்ட மோட்டார் சைக்கிள், உன்னை யாரும் தொட முடியாது என்ற வாக்குறுதி. கப்பல் கடனோடு லாருட்டில் இறங்கிய சீன இளைஞனுக்குச் சங்கம் கொடுத்ததும் இதேதான். 04, 08, 36 என்று இன்று கேட்கும் எண்களின் பூர்வீகமும் பழைய சீன இரகசியச் சங்கங்களின் கிளைகளுக்கே போகிறது.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைத் தடை செய்து பட்டியல் வெளியிட்டது. அவற்றில் ஏறத்தாழ 40,000 பேர் இருப்பதாகவும் அவர்களில் நூற்றுக்கு 70 பேர் இந்தியர்கள் என்றும் சொல்லப்பட்டது. அந்த 70 என்ற எண்ணைத்தான் அன்று எல்லாரும் பேசினார்கள். இன்னொரு கணக்கை யாரும் அதிகம் பேசவில்லை. அன்று நாட்டில் இருந்த இந்தியர்கள் ஏறத்தாழ 19 லட்சம். கும்பலில் இருந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் அதில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அதே அடுக்குமாடியில், அதே வறுமையில், மற்ற 98 பேர் காலையில் எழுந்து வேலைக்கும் பள்ளிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இரத்தத்தின் மீது பழி போடுகிறவர்கள் இந்த 98 பேரை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

பிடித்து உள்ளே போட்டால் தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் புதிதல்ல. விசாரணையின்றித் தடுத்து வைக்க இடமளித்த 1969ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நடப்பில் இருந்தது. 2011இல் அதை அகற்றுவதாக அரசாங்கம் அறிவித்தது. தடுப்பில் இருந்தவர்கள் வெளியே வந்ததும் துப்பாக்கிச் சூடுகள் பெருகின என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அது உண்மையானால், இன்னொரு கேள்வியும் கூடவே எழுகிறது. நாற்பது ஆண்டு தடுத்து வைத்தும் கும்பல்களுக்குப் புதிய ஆள் வந்துகொண்டே இருந்தது எப்படி? கதவைப் பூட்டியவர்கள் வாய்க்காலை அடைக்கவில்லை என்பதே இதற்குக் கிடைக்கும் பதில்.

போலீஸ் வேண்டாம் என்று எந்த நாட்டு வரலாறும் சொல்லவில்லை. சட்டம் எட்டாத இடத்தில்தான் கும்பல் முளைத்தது என்பதே எல்லா ஊர்களும் தரும் சாட்சி. ஆனால் சட்டம் என்பது லாரியில் ஏற்றிப் போக வரும்போது மட்டும் தலைகாட்டினால் போதாது. புகார் கொடுக்கப் போகிறவனை மரியாதையாக உட்கார வைக்கும் போலீஸ் நிலையமாகவும், மூன்று நாள் வராத மாணவனின் வீட்டைத் தேடிப் போகும் ஆசிரியராகவும், எஸ்.பி.எம். தேர்ச்சி இல்லாதவனுக்கும் ஒரு கைத்தொழில் கற்றுத்தரும் நிலையமாகவும் அது வர வேண்டும். கும்பலிடம் வாக்குக் கேட்டும், நன்கொடை வாங்கியும், திருவிழாவில் மாலை போட்டும் பழகிய பெரிய மனிதர்கள் யாராயினும் அந்த வழக்கத்தை விட வேண்டும். ஜமைக்கா அதற்குக் கொடுத்த விலை கண்முன் இருக்கிறது.

லாருட்டில் தண்ணீர்த் தகராறு தொடங்கியது 1861இல். அதைத் தீர்க்க ஆள் வந்தது 1874இல். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் போன உயிர்கள் எல்லாம், யாரோ ஒருவர் முன்பே வந்து வாய்க்காலைப் பிரித்துக் கொடுத்திருந்தால் போகாமல் இருந்திருக்கக்கூடியவை. தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இடைநிலைப்பள்ளிகளில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் தேடி முதலில் வருவது யார் என்பது இனிமேல்தான் முடிவாக வேண்டும்.